பிஸ்கட் தின்ற சுவர்

நிலநடுக்கத்தில் ஹேஸ்கேயின் வீட்டுச் சுவர் விரிசல் விட்டது. அதுவும் எங்கே? சரியாகத் தம்பி வுபோவின் கட்டிலுக்கு மேலே. நிலத்தடியிலிருந்து எரிவாயுவை எடுத்து எடுத்து, நெதர்லாந்தின் குரோனிங்கன் பக்கத்தில் மண்ணே ஆட்டம் கண்டிருந்தது. தெருவில் பாதி வீடுகள் முட்டுக் கொடுத்துத்தான் நின்றன.

நிலநடுக்கச் சேதத்தைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து வந்து, திரையோடு ஒரு கேமராவைப் பொருத்தினார்கள். சின்ன அறை என்பதால், சுவர் முழுவதையும் ஒரேயடியாகப் பார்க்கும் அகலக்கோண லென்ஸ் கேமரா. விரிசலின் அகலத்தை அதுவே அளக்கும். ஐந்து மில்லிமீட்டரைத் தொட்டால் திரை சிவக்கும். வீட்டைக் காலி செய்ய வேண்டும். தினமும் பச்சைதான் எரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அம்மா காபியே குடிப்பார். அவர் பிறந்த வீடு அது.

வுபோவுக்கு அந்த விரிசல் ஒரு பாம்பு. கட்டில்மேல் ஏறி நின்று அதற்குச் சாப்பாடு போடுவான்.

"அக்கா, பாம்பு வளந்துடுச்சு! முன்னல்லாம் தூள்தான் தின்னும். இன்னைக்கு முழு பிஸ்கட்டையும் முழுங்கிடுச்சு!"

ஹேஸ்கேவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. இன்னொரு பிஸ்கட்டை எடுத்து ஸ்கேலால் அளந்தாள். அதன் தடிமன் ஐந்து மில்லிமீட்டர். திரையில் நான்கு என்றிருந்தது. அப்படியென்றால் பிஸ்கட் எப்படி உள்ளே போனது?

"சும்மா இருடி," என்றார் அம்மா. "பச்சைன்னா பச்சைதான். எதையாவது சொல்லி நம்மளை நடுத்தெருவுல நிறுத்திடாத."

ஹேஸ்கேவுக்கும் பயம்தான். ஆனால் வுபோ அந்தச் சுவருக்குக் கீழேதானே தூங்குகிறான்? மறுநாள் கேமராவைப் பார்க்கப் பொறியாளர் மர்ரெட் வந்ததும் சொல்லிவிட்டாள்.

"பிஸ்கட் உடைஞ்சு போயிருக்கும்மா," என்றார் மர்ரெட். "கட்டம் போட்ட அட்டையைக் காட்டி, ஒரு கட்டம் எவ்வளவு பெருசுன்னு கேமராவுக்குக் கத்துக்கொடுத்துட்டுத்தான் போனோம்."

"அட்டையை எங்க காட்டினீங்க?"

"நடுவுல."

"ஆனா பாம்பு மூலையிலதானே இருக்கு?"

ஹேஸ்கே சமையலறைக்கு ஓடினாள். பாத்திரம் துடைக்கும் நீலக் கட்டத் துணியை ரொட்டிப் பலகையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். சுவரை ஒட்டி, முதலில் நடுவில் பிடித்தாள். திரையில் கட்டங்கள் நேராக நின்றன. அப்படியே விரிசலுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். கட்டங்கள் வளைந்து சிறுத்துப்போயின.

"அந்தத் துணிய இன்னும் துவைக்கல," என்றார் அம்மா மெதுவாக.

மர்ரெட்டின் முகம் வெளிறிவிட்டது. "ஓரத்துல எல்லாமே சிறுசாத் தெரியுது, விரிசலும்தான். தப்பு எங்க மேலதான். மூலை முடுக்கெல்லாம் காட்டியிருக்கணும். அவசரத்துல விட்டுட்டோம்."

அட்டையை எடுத்து ஒவ்வொரு மூலையிலும் சாய்த்தும் நிமிர்த்தியும் காட்டினார். பிறகு கேமரா மறுபடி அளந்தது. ஆறு. திரை சிவந்தது.

அம்மா அழுதார். ஹேஸ்கேயின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அன்றே மூட்டை கட்டிக்கொண்டு, ஊர்க்கோடியில் அலுவலகம் தற்காலிகமாகக் கொடுத்த தகரப்பெட்டி வீட்டுக்குப் போனார்கள். அங்கே ஒரே குளிர். தப்புச் செய்துவிட்டோமோ என்று ஹேஸ்கே போர்வைக்குள் கிடந்து தவித்தாள்.

அந்த வாரமே நிலம் மறுபடி ஆடியது. மூன்று பேரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். சுவர் மொத்தமும் வுபோவின் கட்டில்மேல் விழுந்து கிடந்தது.

"பாம்பு செத்துப்போச்சாக்கா?" என்று கேட்டான் வுபோ.

அம்மா ஹேஸ்கேயை இழுத்து அணைத்துக்கொண்டார்.

வுபோ பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தான். செங்கல் குவியலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பிஸ்கட்டைத் தானே தின்றான்.