4417-க்கு வந்த கடிகாரம்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். ஒரு சுவர்க் கடிகாரத்தை வைத்து ஒருத்தியைச் சிறைக்கு அனுப்பப் பார்த்த கதை இது. கையில் இருக்கிற தேநீர் ஆறினால் ஆறட்டும். கேளுங்கள்...

"ஐயோ!"

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. ஜோர்தானின் தலைநகர் அம்மானில், தாஜ் குன்றுச் சரிவில், கேஸ் சிலிண்டர் விற்கிற லாரி தன் பாட்டை வாசித்துக்கொண்டு போகிற நேரம். கீழ்வீட்டிலிருந்து அந்த அலறல் கிளம்பியது.

மேல்வீட்டில் விஜ்தான் பூசணி விதை கொறிப்பதை நிறுத்தினாள்.

சிரித்தாள்!

'வந்துடுச்சு...'

கண்ணாடி முன் நின்று முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு, படி இறங்கி ஓடினாள்.

கீழே ருலா சோபாவில் சரிந்து கிடந்தாள். விஜ்தானின் கொழுந்தன் மனைவி. இளைய ஓரகத்தி. போன் ஸ்பீக்கரில் ஒரு கரகரத்த குரல்...

"விமான நிலைய சுங்கத்துல இருந்து பேசறேன். அமெரிக்காவுல இருந்து உங்க பேருக்கு ஒரு கடிகாரம் வந்திருக்கு. உள்ள ரகசிய கேமரா! இது இந்த நாட்டுக்குள்ள வரவே கூடாதுன்னு தெரியாதாம்மா?"

"சார், சத்தியமா நான் வாங்கல!"

"பெட்டியில உங்க பேரு. உங்க நம்பர் 4417. வேற யாரும்மா வாங்குவாங்க, என் மாமியாரா?"

"சார்..."

"மூணு வருஷம் உள்ள போகணும். பதினோரு மணிக்கு எங்க ஆளுங்க வருவாங்க. எல்லா மாடியும் சோதனை. எல்லார் போனும் சோதனை!"

போன் அணைந்தது.

விஜ்தானின் சோகமும் அணைந்தது. அந்த இடத்தில் இப்போது நிஜமான பயம்!

'எல்லார் போனுமா...?'

"உம்மு ஷாதி!" மூத்தவளை மகன் பெயரால் 'ஷாதியின் அம்மா' என்று அழைப்பது அங்கே மரியாதை. ருலா அவள் கையைப் பிடித்தாள். "யாரு எனக்கு இப்படிப் பண்ணியிருப்பாங்க?"

"எ... எனக்கு எப்படிடி தெரியும்? நீதான் ஊருக்கெல்லாம் பெட்டி வரவழைக்கிற. எவ வயிறு எரிஞ்சாளோ! இரு கண்ணே, அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டேன்..."

ஓடினாள்.

எரிந்தது யார் வயிறு?

அவள் வயிறுதான்!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கட்டடத்தின் ராணி விஜ்தான். வெள்ளிக்கிழமை மதியம் குடும்பமே கூடும். அவள் மக்லூபா சட்டியைத் தட்டில் கவிழ்த்துத் தூக்கினால் சோறும் கத்திரிக்காயும் கோபுரமாக நிற்கும். எல்லாரும் கைதட்டுவார்கள்.

பிறகு ருலா வந்தாள்.

அமெரிக்கக் கடைக்காரர்கள் ஜோர்தானுக்கு நேரே அனுப்பமாட்டார்கள். அதற்கென்று ஒரு பார்சல் கம்பெனி. அங்கே ஒரு கிடங்கு விலாசமும், ஆளுக்கு ஒரு நம்பரும் கொடுப்பார்கள். கடைக்காரன் கிடங்குக்கு அனுப்புவான். கிடங்கு விமானத்தில் ஏற்றும். ருலா அந்த வழியில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் போன், ஹெட்போன், எண்ணெயில்லாமல் பொரிக்கும் அடுப்பு என்று வரவழைத்துக் கொடுத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, தானாக வீடு பெருக்கும் ஒரு வட்ட எந்திரம் வந்தது. விஜ்தான் சட்டியைக் கவிழ்த்த அதே நொடியில் அது சோபாவுக்கு அடியிலிருந்து ஓடி வந்தது. எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்கள்.

கோபுரம் நின்றது. கைதட்ட ஒருவரும் இல்லை!

"என் ருலா மாதிரி வருமா!" என்றாள் மாமியார் ஹாஜியா.

அன்றைக்கே விஜ்தான் குப்பையில் கிடந்த அட்டைப்பெட்டியைப் புரட்டி அந்த நம்பரைக் குறித்துக்கொண்டாள். 4417.

ஸ்டேஷனரி கடையில் பணம் கட்ட, பெயர் கேட்காத ஒரு ப்ரீபெய்டு கார்டு. அமெரிக்கக் கடையில் ஒரு புதுக் கணக்கு. ருலாவின் பெயர், ருலாவின் நம்பர், வயிற்றில் கேமரா வைத்த கடிகாரம்!

மறுநாள், அந்தக் கணக்கிலேயே தனக்காக ஒரு காபி மெஷின். ருலாவிடமே இல்லாத ரகம். அதற்குப் புருஷன் கார்டைத் தட்டினாள். பார்சல் கம்பெனியில் தனக்கென்று ஒரு நம்பரும் வாங்கி வைத்திருந்தாள்.

மெஷின்தான் இன்னும் வரவில்லை. பதினெட்டு நாளாகிறது. ஒரு தகவலும் இல்லை.

ஆனால் இப்போது மெஷினா முக்கியம்? போன்! அந்தக் கணக்கு முழுக்க அவள் போனில் இருக்கிறது!

அழிக்கப் பார்த்தாள். கடவுச்சொல் மறந்தது.

மணி பத்து நாற்பது...

அரிசி மூட்டையைத் திறந்தாள். போனை முழங்கை ஆழத்துக்குப் புதைத்தாள். மூட்டையைக் கட்டினாள்.

டக்... டக்... டக்!

கதவில் ருலா.

"உள்ள வரலாமா?"

வந்தவளுக்குக் காபி கொடுத்தாகவேண்டும். ஏலக்காய்க் காபியை ஊற்றி நீட்டினாள் விஜ்தான். ருலா வாங்கினாள்.

குடிக்கவில்லை.

கோப்பையை மேஜைமேல் வைத்தாள்!

விஜ்தானுக்குப் புரிந்துவிட்டது. கல்யாணப் பேச்சுக்கும் கொலைவழக்கு சமாதானத்துக்கும் வருகிற பெரியவர்கள்தான் இப்படிக் காபியைத் தொடாமல் வைப்பார்கள். கேட்டதைக் கொடுத்தால்தான் கோப்பையைத் தொடுவார்கள்.

"எ... என்னடி வேணும்? குடி."

"கேக்கறேன். அதுக்கு முன்னால..." ருலா தன் போனில் யாருக்கோ ஒரு செய்தி தட்டினாள்.

ட்ரிங்ங்ங்...!

அரிசி மூட்டை மணியடித்தது!

"உங்க அரிசிக்கு போன் வருதே அக்கா! எடுங்க. சுங்க அதிகாரி உங்ககிட்ட பேசணுமாம்."

விஜ்தான் அரிசியை வாரி இறைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அதே கரகரத்த குரல்.

"அக்கா, நான் பக்கத்து ஊர் ஸர்காவுல ரொட்டிக்கடை வெச்சிருக்கேன். ருலாவோட தம்பி ஐஹம். தொண்டை கட்டிப்போச்சு, போதுமா? அடுப்புல ரொட்டி கருகுது, வெச்சிடட்டுமா?"

விஜ்தான் அப்படியே அரிசிமேல் உட்கார்ந்தாள்.

"சுங்கமே இல்லையா...?"

"கடிகாரம் அமெரிக்காவை விட்டே கிளம்பல. வர்ற பெட்டியை எல்லாம் கிடங்குல பிரிச்சுப் படமெடுத்து அனுப்புவாங்க அக்கா. 'இது உங்க நாட்டுக்கு ஆகாது, ஏத்தமாட்டோம்'னு அன்னிக்கே எழுதிட்டாங்க."

"அதை நான்தான் அனுப்பினேன்னு எப்படிச் சொல்ற?"

ருலா போனை நீட்டினாள். இரண்டு படங்கள். இரண்டு கடைச் சீட்டுகள்.

"இது கடிகாரத்தோட சீட்டு. இது மறுநாள் என் நம்பருக்கே வந்த காபி மெஷினோட சீட்டு. ரெண்டுலயும் ஒரே கணக்கு எண். காபி மெஷினுக்குப் பணம் கட்டினது யாரு? உங்க புருஷன் பேரு!"

"மெஷின் உனக்கா வந்துச்சு?"

"கடைக்காரன் பழைய விலாசத்தையே வெச்சிருந்தான். நீங்க மாத்தல. நாலு நாளா உங்க மெஷின்லதான் காபி குடிக்கறோம். நல்லா இருக்கு அக்கா!"

"அப்ப அந்த அலறல்? அந்த போன்?"

"சீட்டை மட்டும் காட்டினா 'எவனோ கார்டைத் திருடிட்டான்'னு சொல்லியிருப்பீங்க. அரிசிக்குள்ள புதைச்ச அப்புறம் என்ன சொல்வீங்க?"

விஜ்தான் அழுதாள். இந்தத் தடவை கண்ணாடி தேவைப்படவில்லை.

"ஹாஜியாகிட்ட சொல்லிடுவியா? என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிடுவாங்கடி..."

ருலா கோப்பையைப் பார்த்தாள். காபி ஆறிக்கொண்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கொடுத்தா குடிக்கறேன். வெள்ளிக்கிழமை, எல்லார் முன்னாடியும், உங்க வாயாலயே சொல்லணும். 'இந்த காபி மெஷின் என் ஓரகத்தி ருலாவுக்கு நான் ஆசையா கொடுத்த பரிசு'ன்னு!"

சிறையே தேவலாம் என்று பட்டது விஜ்தானுக்கு.

"ச... சரி."

ருலா ஒரே மடக்கில் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை. மக்லூபா கவிழ்ந்தது. கோபுரம் நின்றது. விஜ்தான் அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

ஹாஜியா எழுந்து வந்து அவள் நெற்றியில் முத்தமிட்டாள்.

"பாருங்க! மூத்தவ மனசு யாருக்கு வரும்!"

வீடே கைதட்டியது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு! விஜ்தானுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

ருலா அவள் காதருகே குனிந்தாள்.

"அக்கா, அடுத்த தடவை கடிகாரம் வேணாம். பால் நுரைக்கிற கருவி ஒண்ணு அனுப்புங்க. நம்பர்தான் மனப்பாடமாச்சே!"

கதை அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிற பெட்டியிலெல்லாம் நல்லதே வரட்டும். அடுப்பு அணையாமல் எரியட்டும், வயிறு மட்டும் எரியாமல் இருக்கட்டும். உங்கள் பெட்டியை உங்களுக்கு முன்னால் உங்கள் ஓரகத்தி பிரிக்காமல் இருக்கட்டும்!