கயிறு பிடிக்க ஆள் மாறிய நாள்

இசபெல்லா மவுசைத் தொடவே இல்லை. ஆனாலும் திரையில் இருந்த சங்கு குளிக்காரன் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தான்.

திரேஸ்புரத்து மாடி அறையில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. சங்குகளைக் குவித்து வைக்கும் பக்கத்துக் கிட்டங்கியிலிருந்து அழுகிய சதையின் வாடை மதிய வெயிலோடு ஏறி வந்து, சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியே அறைக்குள் நிறைந்தது. கடல் சுற்றுலா நடத்தும் ஒரு கம்பெனிக்காக அவள் செய்துகொண்டிருந்த இணையப் பக்கம் அது. ஸ்க்ரோல் செய்யச் செய்யக் கடல் ஆழமாகும், வரைந்த மனிதன் இறங்குவான். அடித்தரை திரைக்குள் வந்ததும் அவள் எழுதி வைத்த 'கால்பேக்' என்ற நிரல் துண்டு தானாக ஓடி அவன் இடுப்புக் கயிற்றை ஆட்டும். திரும்ப மேலே ஸ்க்ரோல் செய்தால் இன்னொரு கால்பேக் அவனைத் தூக்கிவிடும்.

"ஏலே கிளாட்வின், நீதானே எதையோ அமுக்குன?"

"நான் இங்கனதானக்கா இருக்கேன்." கதவோரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி நிமிரவில்லை.

அவள் நம்பவில்லை. காலையிலிருந்தே அவனுக்கு அவள்மேல் கோபம். அவள் புருஷன் ரெக்சன் கடலில் சங்கு குளிக்கும்போது படகில் கயிறு பிடிப்பவன் இவன்தான். அடியிலிருந்து கயிறு அசைந்தால் உடனே மேலே இழுத்துவிட வேண்டும். மச்சினன்தான் பிடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அக்காவின் தாலி போக எந்தத் தம்பி விடுவான்? இணையப் பக்கத்தில் போட, கயிறு இழுக்கும் கையைப் படமெடுக்க வேண்டுமென்று இசபெல்லாதான் இன்று அவனை நிறுத்திக்கொண்டாள். ஒரு நாள்தானே என்று நினைத்தாள். கயிறு தங்கப்பாண்டியின் கைக்குப் போயிற்று. அவன் கூலிக்கு வந்தவன்.

திரையில் கயிறு ஆடியது. அடித்தரை இன்னும் வரவே இல்லை.

கால்பேக் ஓடினால் தெரிவதற்காக அவள் வைத்திருந்த வரி திரையின் ஓரத்தில் விழுந்தது: 'கயிறு அசைந்தது'. உடனே இன்னொன்று. கிளாட்வின் போனிலிருந்துதான் ஏதோ செய்கிறான் என்று எழுந்து போய்ப் பிடுங்கிப் பார்த்தாள். கிரிக்கெட் ஆட்டம்.

மவுசைக் கழற்றினாள். கால்பேக்கை அழித்தாள். சேமித்தாள். பக்கத்தை மறுபடி திறந்தாள். இனிமேல் கயிற்றை ஆட்டச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

கயிறு ஆடியது.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அத்தானுக்குப் போன் போடுலே."

"கடலுக்குள்ள டவர் ஏதுக்கா?"

டச்பேடில் விரலை வைத்து மேலே தள்ளினாள். மேலே. இன்னும் மேலே. கடல் வெளுக்கவில்லை. அவன் ஏறவில்லை. கயிறு மட்டும் துடித்தது. பிறகு மெதுவாக. பிறகு இல்லை.

அவள் திரும்பினாள். கிளாட்வின் எழுந்து, மூடிய கதவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். வெறும் கைகள். இடம் வலம் மாற்றி மாற்றி எதையோ இழுத்தான். பிடித்த விரல்களுக்கிடையே தண்ணீர் சொட்டியது.

"ஏலே... என்னலே செய்யுத?"

"கனக்குதுக்கா," என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான். "விட முடியல."

இழுத்தான். வெளியே, மாடிப்படியின் அடியில், ஈரமான ஏதோ ஒன்று மோதியது.

இழுத்தான். அடுத்த படி.

அடுத்த படி.

கதவின் அடியில் உப்புத் தண்ணீர் உள்ளே வந்தது. கிளாட்வின் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தான்.