கண் இழந்த ரோபோ

காலை 6.40. மூன்றாம் ஆபரேஷன் தியேட்டரில் அறுவை ரோபோவின் கேமராவைக் காணவில்லை.

கேமரா வைக்கும் அலமாரியின் பூட்டு உடையவில்லை. சாவி தொங்கும் ஆணி, தியேட்டரில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிந்த ஆணி.

எட்டரை மணிக்குப் படகு ஓட்டுநர் பௌலோஸின் புற்றுப் பிடித்த சிறுநீர்ப்பையை எடுத்தாக வேண்டும். வயிற்றைத் திறந்து எடுத்தால் ஆகும் ரத்த இழப்பை அவர் இதயம் தாங்காது. ரோபோவால் எடுத்தால் தாங்கும். மாற்றுக் கேமரா பழுதுபார்க்கப் போயிருந்தது. இன்று தவறினால் இன்னும் மூன்று வாரம். அதுவரை புற்று பொறுக்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

7.05. பாதுகாப்பு அதிகாரி பவித்ரன் வந்தார். கொச்சி போலீசில் இருபது வருடம் இருந்தவர். மனைவி இறந்த பிறகு, வீட்டில் இருப்பு கொள்ளாமல் விடியும்போதே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுபவர்.

தலைமை சர்ஜன் டாக்டர் ஷாஹினா ரோபோவை இயக்கும் இருக்கையில் அமர்ந்து, மற்ற பாகங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பெடல்களை ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செருப்புகள் ஓரமாகக் கிடந்தன. துப்புரவுப் பணியாளர் த்ரேஸ்யா மூலையில் நின்று அழுதாள். எல்லோருடைய சந்தேகமும் அவள்மேல்தான்.

"அழாம சொல்லு சேச்சி."

"ஆறு மணிக்குத் தொடைச்சிட்டு சாயா குடிக்கப் போனேன் சாரே. திரும்பி வந்தா தரையில வெறுங்கால் தடம். எவனோ சத்தம் கேக்காம வந்திருக்கான். திட்டிக்கிட்டே மறுபடி தொடைச்சேன்."

"வாசல்லேருந்து தடம் இருந்துச்சா?"

"வாசல்ல செருப்புத் தடம்தான். அது தெனமும் இருக்கும். தரை காஞ்சுதான்னு பாக்க டாக்டர்மாருக்கு ஏது நேரம்? வெறுங்கால் இந்த இருக்கைக்குக் கீழ மட்டும்தான். ரெண்டு பாதம், பக்கத்துல பக்கத்துல."

7.30. டாக்டர் தரகன். முப்பது வருடமாகக் கையால் அறுத்தவர்.

"ஆறு மணிக்கு எங்க இருந்தீங்க டாக்டர்?"

"வார்டுல. அந்த பொம்மையைத் தூக்கினவனுக்கு நான் ஒரு சாயா வாங்கித் தரணும்."

"பொறாமையா?"

"பொறாமைதான்யா. எழுதிக்கோ. பேப்பரைத் தொறந்தா அந்தம்மா போட்டோ."

7.40. டாக்டர் பிரசோப். நான்கு வருடமாக ஷாஹினாவின் உதவியாளர். நோயாளியின் பக்கத்தில் நின்று ரோபோ கைகளில் கருவிகளை மாற்றுபவர்.

"அந்த இருக்கையில உட்கார்ந்திருக்கீங்களா?"

"ஒரு நாளும் இல்லை சார். நான் நிக்கிறவன். நேத்துதான் மேடம் அந்த இருக்கையில பயிற்சிக்கு ஆள் எடுத்தாங்க. மூணு மாசம் முன்னாடி வந்த பொண்ணு." சிரித்தார். "கெட்டிக்காரி."

7.50. பவித்ரன் இருவரையும் தியேட்டருக்கு அழைத்தார். "எனக்கு இந்த மிஷின் புரியலை. ஆளுக்கொரு தரம் உட்கார்ந்து காட்டுங்க."

தரகன் ஷூவோடு ஏறி இரண்டு பெடல்களைச் சேர்த்து மிதித்தார். மிஷின் கீச்சிட்டது. "சனியன்!" என்று எழுந்தார்.

பிரசோப் உட்கார்ந்தார். அவரை அறியாமலே செருப்புகளிலிருந்து கால்கள் விடுபட்டன. பாதங்கள் பெடல்களைத் தேடாமலே கண்டுகொண்டன.

சுவரோர ஸ்டூலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஷாஹினா எழுந்தே விட்டார்.

"திருடன் வெறுங்காலோட வந்தான்னு எல்லாரும் நெனச்சோம்," என்றார் பவித்ரன். "வெறுங்காலோட வரலை. செருப்போட வந்து இங்க கழட்டியிருக்கான். திருட வந்தவன் எதுக்கு நிதானமா உட்காரணும்? பெடலைப் பாதத்தால உணர்ந்து பழகினவன்தான் கழட்டுவான். மேடம் ஏழு மணிக்குத்தான் வந்தாங்க. நீங்க எத்தனை நாளா விடியக்காலையில பழகறீங்க டாக்டர்?"

பிரசோப் கீழே பார்த்தார். தன் கால்களைக் கண்டார்.

"எட்டு மாசம்," என்றார். "இன்னிக்கும் பழகினேன். அந்தப் பொண்ணு இங்க உட்காரப் போறான்னு நெனைச்சதும்..."

8.00. எக்ஸ்ரே கவச உடைகள் தொங்கும் அலமாரியின் பின்னாலிருந்து கேமரா வந்தது. துண்டில் சுற்றி, முனைக்கு மூடி போட்டு.

"எனக்கும் கத்துக்குடுங்கன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாமே பிரசோபே?"

"கேக்காமலே தெரியும்னு இருந்தேன் மேடம்."

கேமராவை மறுபடி கிருமி நீக்கம் செய்ய நேரம் பிடித்தது. த்ரேஸ்யாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பவித்ரன் கேட்டார்.

10.10. பௌலோஸின் தள்ளுவண்டி வந்தது. கூடவே மனைவி ஏலிக்குட்டி, சேலை முந்தானையை இறுக்கியபடி.

"பீடி வேண்டாம், பீடி வேண்டாம்னு எத்தனை தரம் சொன்னேன்! திரும்பி வாங்க, இருக்கு உங்களுக்கு!"

"வர்றேன்டீ. வந்து மொத்தமா வாங்கிக்கிறேன்."

கதவைப் பிடித்திருந்த பவித்ரன், திட்ட ஒருத்தி இருந்த அந்த மனிதரை ஒரு கணம் பார்த்தார். அன்று காலையில் இன்னொருவருடைய பொறாமையைக் கண்டுபிடித்தவர், தன்னுடையதை யாரும் பார்க்கும் முன் கதவைச் சாத்தினார்.