கைக்குட்டையில் மூன்று விரல்கள்

ஒழுங்குக் குழு கூடுவதற்கு நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. பெனின் நகரத்தின் அந்த மேல்நிலைப் பள்ளியில், புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, மாணவர் ஆலோசகரின் அறைக் கதவை ஒருவர் தட்டாமலே திறந்தார். கையில் பேருந்துச் சாவி இருந்தது.

"நான் ஒமோருயியோட அப்பா. பஸ்ஸை நடுரோட்ல விட்டுட்டு ஓடி வந்திருக்கேன் மேடம். கோழி அறுக்கச் சொன்னாலே கண்ணை மூடிக்கிற பையன் அவன். அவனா கும்பல்ல சேருவான்?"

ஆலோசகர் மிஸ்ஸஸ் இதெமூடியா வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்தார். "உட்காருங்க, உவாடியே. கண்ணை மூடிக்கிறவனையும் சேர்த்துப்பாங்க. அதுக்காக அவன் சேர்ந்துட்டான்னு நான் சொல்லல."

சுவரோரம் உட்கார்ந்திருந்த டூஷிமா தலையைத் தூக்கவில்லை. வேதியியல் பட்டம் முடித்து, நாட்டுச் சேவைக்காக ஓராண்டு இந்தப் பள்ளிக்கு வந்திருந்தாள். அப்படி வருபவர்களைக் கூப்பிடும் வழக்கப்படி மாணவர்கள் அவளைக் கார்ப்பர் என்று கூப்பிட்டார்கள். புதியவர்கள் முன்னால் பேசுவதற்கு அவளுக்கு வாய் எழாது.

நடந்தது இதுதான். அன்று காலை முதல்வரின் அறைக் கதவுக்கடியில் ஒரு சீட்டு கிடந்தது. பிரார்த்தனைக் கூட்டத்திலேயே ஒமோருயியின் பையைக் கவிழ்த்தார்கள். அடி மடிப்பிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டை விழுந்தது. மூலையில் கறுப்பு நூலால் தைத்த ஆந்தை. அது எந்தக் கும்பலின் அடையாளம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பெயரைச் சொல்ல மாட்டார்கள். முதல்வர் அதை வெயிலில் உயர்த்திக் காட்டிவிட்டு, சீட்டோடு சேர்த்து ஆலோசகரிடம் அனுப்பினார். எட்டு மணியிலிருந்து அது ஜன்னல் விளிம்பில் கிடந்தது.

"வெள்ளிக்கிழமை என்ன பண்ணுவாங்க?" என்றார் உவாடியே.

"பள்ளியை விட்டு நீக்குவாங்க. இந்தப் பருவத்துல முதல்வர் விதியை மாத்திட்டார். ஆசிரியர்கள்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கார்."

"அஞ்சு வாரத்துல பரீட்சை மேடம். பரீட்சை எழுதாதவனுக்கு இந்தத் தெருவுல என்ன வேலை கிடைக்கும்? அந்தக் கும்பல் வேலைதான் கிடைக்கும்."

"அதனாலதான் நானும் வீட்டுக்குப் போகாம உட்கார்ந்திருக்கேன்."

ஆலோசகர் கைக்குட்டையை எடுத்து மேசையில் விரித்தார். டூஷிமா எழுந்து அருகில் வந்தாள். மேசைமேல் குனிந்தவள் நிமிரவே இல்லை.

"மேடம், காலையில இது சுத்தமா இருந்துச்சு," என்றாள். "நான் முன்வரிசையில நின்னேன். ஆந்தையைத் தவிர வேற ஒண்ணும் இல்ல."

இப்போது துணியின் ஓரத்தில் மூன்று பழுப்புத் தடங்கள் இருந்தன. நடு மூன்று விரல்களின் நுனிகள்.

அது என்னவென்று அவள் சொல்லுமுன் யாரோ கதவைத் தட்டினார்கள். மாணவர்களின் ஆய்வகத் தலைவன் கிளிஃபர்ட் உள்ளே வந்தான். சட்டைக் காலர் மடிப்புக் கலையாத பையன். பெரியவர்களைக் கண்டால் மரியாதைக்கு முழங்கால் லேசாக மடியும். வலது கையில் மூன்று நோட்டுகள் இருந்தன.

"ஒமோருயிக்கு மேடம். ரெண்டு வாரம் வீட்ல இருப்பானே. பாடம் விட்டுப் போயிடக் கூடாதுன்னு..."

அவன் பார்வை மேசைக்குப் போனது. நோட்டுகளை இடது கைக்கு மாற்றி நீட்டினான். வலது கை கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"பெரியவங்களுக்கு இடது கையால கொடுக்கிறியா?" என்று சீறினார் உவாடியே. "உங்க வீட்ல இதுதான் சொல்லிக் கொடுத்தாங்களா?"

"மன்னிச்சுக்கோங்க சார்." கை மாறவில்லை.

"இருக்கட்டும், வச்சுட்டுப் போ," என்றார் மிஸ்ஸஸ் இதெமூடியா. "வெளியில பெஞ்சுல இரு. கூப்பிடுவேன்."

கதவு மூடியது. "இப்ப சொல்லு கார்ப்பர். வாய்ல கொழுக்கட்டையா?"

டூஷிமா மெல்லத் தொடங்கினாள். "இது வெள்ளி நைட்ரேட். கையில பட்டா தண்ணி மாதிரிதான் இருக்கும், தெரியாது. இருட்டுல வச்சா அப்படியே கிடக்கும். வெளிச்சம் பட்டாத்தான் கறுக்கும். ராத்திரி முழுக்கப் பையோட அடியில இருந்திருக்கு, இன்னிக்கு உங்க ஜன்னல் வெயில்ல வெளியே வந்துடுச்சு. தோல்ல பட்டாலும் இப்படித்தான். ஒரு வாரம் போகாது."

"யாரெல்லாம் தொட்டிருப்பாங்க?"

"நேத்து செய்முறை வகுப்பு. அது விலை அதிகம். அதனால பாட்டிலை ஒருத்தன்கிட்ட மட்டும் கொடுத்து, எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு சொட்டு விடச் சொன்னேன்." அவள் கதவுப் பக்கம் தலையசைத்தாள். "கிளிஃபர்ட்கிட்ட."

"அதான் இடது கை," என்றார் ஆலோசகர். "உள்ளே வரும்போது நோட்டு வலது கையில இருந்துச்சு. துணியைப் பார்த்தப்புறம்தான் மாறுச்சு. மரியாதை தெரிஞ்ச பையன், மரியாதை கெட்டாலும் பரவாயில்லன்னு ஒரு கையை ஒளிச்சான்."

உவாடியே எழுந்தார். "அந்த நாயை நான்..."

"உட்காருங்க. இன்னும் பாதிதான் ஆயிருக்கு. உங்க மகனைக் கெடுக்க நினைக்கிறவன் பாட நோட்டு கொண்டு வருவானா?"

உவாடியே மறுபடி உட்கார்ந்தார்.

"ரெண்டு வாரம்னு சொன்னான், கவனிச்சீங்களா? பழைய விதி அது. கும்பல் பொருள் பிடிபட்டா ரெண்டு வாரம் அப்பா அம்மா காவல்ல வீட்ல இருக்கணும். புது விதி மாணவர்களுக்குத் தெரியாது. இவன் நீக்கணும்னு பண்ணல. வீட்ல பூட்டி வைக்கணும்னு பண்ணியிருக்கான்." அவர் சீட்டை உவாடியே பக்கம் தள்ளினார். "படிங்க."

பெரிய எழுத்துகளில் இரண்டே வரிகள். 'ஒமோருயியின் பையைச் சோதியுங்கள். அவன் அப்பாவை இன்றே வரவழையுங்கள்.'

"பழி போடுறவன் போலீஸைக் கூப்பிடச் சொல்லுவான். இவன் அப்பாவைக் கூப்பிடச் சொல்றான். அதுவும் இன்றே. நாளைக்குக் கூப்பிட்டா என்ன ஆயிடும் கார்ப்பர்?"

"நாளைக்கு மதியத்தோட வகுப்பு முடியுது. விளையாட்டுப் பயிற்சி." டூஷிமாவின் குரல் தாழ்ந்தது. "மைதானத்துல யார் இருக்காங்க, யார் இல்லன்னு யாரும் பார்க்க மாட்டாங்க."

"ஆள் சேர்க்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது. நாளைக்குச் சாயங்காலம் உங்க பையனைக் கூட்டிட்டுப் போக இருந்தாங்க, உவாடியே. போயிருந்தா, சேர மாட்டேன்னு சொல்லித் திரும்பி வர முடியாது. இது கிளிஃபர்டுக்குத் தெரியும். வாயால சொல்ல முடியாததை ஒரு கைக்குட்டையால சொல்லியிருக்கான்."

உவாடியே சாவியை மேசைமேல் வைத்தார். "அப்ப அவன் என் பையனைக் காப்பாத்தினான்."

"பாதி காப்பாத்தியிருக்கான். மிச்சத்தை அவனே சொன்னாத்தான் வெள்ளிக்கிழமை உங்க பையன் இந்தப் பள்ளியில இருப்பான்."

டூஷிமா கதவைத் திறந்து கிளிஃபர்டை அழைத்தாள். அவனுக்காகச் சந்தோஷப்பட்டாள். யாரோ பேசியதை ஒட்டுக் கேட்டிருப்பான், நண்பனுக்காகத் துணிந்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

மிஸ்ஸஸ் இதெமூடியா நாற்காலியைக் காட்டினார். அவன் உட்காரவில்லை.

"ஒமோருயியை வெள்ளிக்கிழமை நீக்கப் போறாங்க. ரெண்டு வாரமெல்லாம் இப்ப இல்ல," என்றார்.

அவன் ஓரடி முன்னால் வந்தான். "நீக்கவா? பரீட்சை?"

"கிடையாது. நீ இப்ப பேசினாத்தான் உண்டு."

"என்னால முடியாது மேடம்." கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தான். "பேசினா வயிறு வீங்கிச் செத்துப் போவோம்னு..." நிறுத்திக்கொண்டான்.

"யார் சொன்னது?"

அவன் வலது கை கால்சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகப் போனது.

"பதினொரு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன் கிளிஃபர்ட். எதிர்ல நின்னு பேசின பிள்ளைங்க பத்தொன்பது பேர். ஒருத்தன் பேங்க்ல இருக்கான், ஒருத்தி நர்ஸ். ஒருத்தனுக்கும் வயிறு வீங்கல, பேங்க்காரனைத் தவிர. அவன் பியர் குடிக்கிறான்." அவர் சிரிக்கவில்லை. "பேசாம போனவங்க மூணு பேர். மூணு பேரோட அடக்கத்துக்கும் போயிருக்கேன். நாலாவதுக்கு நான் வரமாட்டேன். அதனால நீ பேசித்தான் ஆகணும். இன்னிக்கு ராத்திரி நீ எங்க தூங்கணும், யார் காவல், எல்லாம் நான் பார்த்துக்குறேன். நாளைக்கு அங்க யார் போய் நிக்கணுமோ, அவங்களையும் அனுப்புவேன்."

வெளியே யாரோ பந்தை உதைத்துக்கொண்டே போகும் சத்தம் கேட்டது. உவாடியே தன் நாற்காலியை இழுத்து அவன் அருகில் போட்டார்.

"உட்காரு தம்பி," என்றார். "உன்னை எதுவும் பண்ண மாட்டேன். யாரு என் பையனைக் கேட்டாங்கன்னு மட்டும் சொல்லு."

கிளிஃபர்ட் அவர் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தான். "யாரோ பேசினதை ஒட்டுக் கேட்டியா?" என்றாள் டூஷிமா.

"நான் யாரையும் ஒட்டுக் கேட்கல சார்," என்றான். "போன மாசம் நானே அந்தக் கும்பல்ல சேர்ந்து சத்தியம் பண்ணிட்டேன். நாளைக்கு ஒமோருயியைக் கூட்டிட்டு வரச் சொல்லி அனுப்பினது என்னைத்தான்."