சுரங்கத்தில் கடைசி ஆள்

விடியற்காலை நாலே முக்காலுக்குப் பெட்ரோல் பங்க் வாசலில் நாங்கள் மூன்று பேரும் டயரில் காற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். தன் தம்பியின் சைக்கிளில் வந்தாள். சீட்டை மட்டும் தன் உயரத்துக்கு இறக்கியிருந்தாள்.

பல் டாக்டர்தான் முதலில் பார்த்தார். எங்கள் சைக்கிள் குழுவை ஆரம்பித்தவர் அவர், எப்போதும் முன்னால் போகிறவர். அவருக்குப் பின்னால் பி.டி. மாஸ்டர். மூன்றாவது நான், லிஃப்ட் மெக்கானிக். மூன்று மாதம் முன்பு வரை கடைசியில் வந்துகொண்டிருந்தவன் அவள் தம்பி.

"இன்னிக்கு நானும் வரேன்," என்றாள்.

"வேண்டாம்மா. ரோடு சரியில்ல. இருட்டு வேற," என்றார் டாக்டர்.

"என் தம்பி உங்களோடதானே போனான் டாக்டர்? நீங்க மூணு பேரும் பத்திரமாத்தானே வந்தீங்க? உங்களுக்கு மட்டும் ரோடு நல்லா இருந்துதா?"

டாக்டர் குனிந்து அதே டயரை மறுபடி அழுத்திப் பார்த்தார்.

அவள் குழந்தைகள் வார்டில் நர்ஸ். சைக்கிளில் ஏறக்கூடத் தெரியாதவள். இதற்காகவே, இரவு வேலை முடிந்த கையோடு ஆஸ்பத்திரி மைதானத்தில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டிருக்கிறாள். முழங்கையில் பொருக்கு இன்னும் உதிரவில்லை.

ஊருக்கு வெளியே எட்டு கிலோமீட்டரில், குன்றைக் குடைந்து ஒரு பழைய ரயில் சுரங்கம் இருக்கிறது. தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுத் தார் போட்டிருக்கிறார்கள். முக்கால் கிலோமீட்டர் நீளம். விளக்கு கிடையாது. உள்ளே பின்னால் வருகிறவன் தெரியமாட்டான் என்பதால் வரிசையாக எண் சொல்லிக்கொண்டே போவோம். மூன்று மாதம் முன்பு அன்றைக்கும் அவன் "நாலு" என்று சொன்னது எல்லாருக்கும் கேட்டது. வெளியே வந்தபோது மூன்று பேர்தான் இருந்தோம்.

சைக்கிள் நடுச் சுரங்கத்தில் சுவரோரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஹெல்மெட் ஹேண்டிலில் தொங்கியது, வீட்டுக்குள் போகிறவன் கழற்றி மாட்டியது போல. ரத்தம் இல்லை, கீறல் இல்லை. மோப்ப நாய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு எழவே மறுத்துவிட்டது. ஒரு மாதத்தில் போலீஸ் கை கழுவியது. அதற்குப் பிறகு நாங்கள் சுரங்க வாசலோடு திரும்பிவிடுவோம்.

அவள் கூட வந்த அன்றும் சுரங்க வாசலில் நின்றோம். உள்ளிருந்து ஈரக் கல்லின் வாடை வந்தது. கூடவே துருவின் வாடை.

இனியும் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

"சிஸ்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. போலீஸ்லயும் சொல்லல," என்றேன். "உங்க தம்பி நாலுன்னு சொன்னதும், அவனுக்குப் பின்னால யாரோ அஞ்சுன்னாங்க."

மாஸ்டர் தலை குனிந்தார். அவருக்கும் கேட்டிருந்தது.

"அவன் என்னைக் கூப்பிட்டான். 'அண்ணே, கொஞ்சம் நில்லுங்க'ன்னான். நான் நிக்கல. இன்னும் வேகமா மிதிச்சேன்."

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அடிக்கவில்லை. மூன்று மாதமாகச் செத்துக் கிடந்த அவள் முகத்தில் சட்டென்று உயிர் வந்தது. எனக்கு முதல் பயம் அப்போதுதான் வந்தது.

"அப்ப அவன் உள்ளதான் இருக்கான்," என்றாள். "எண்ணிக்கிட்டே போங்க. நான் கடைசியா வரேன்."

"முடியாதும்மா," என்றார் டாக்டர்.

"அப்ப நான் தனியாப் போறேன்."

அவளைத் தனியாக விட எங்களில் யாருக்கும் யோக்கியதை இல்லை. நுழைந்தோம்.

குளிர் முதுகில் ஏறியது. சைக்கிள் விளக்கின் வட்டம் நான்கு அடிக்கு மேல் போகவில்லை. கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தம், சங்கிலிகள் உரசும் சத்தம், எங்கள் மூச்சு.

"ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு," என்றேன்.

"நாலு," என்றாள் அவள்.

நீர் சொட்டுவது நின்றது.

"அஞ்சு."

அவள் தம்பியின் குரல்.

அவள் பிரேக் பிடித்தாள். நானும் பிடித்தேன். இந்த முறை பிடித்துவிட்டேன். முன்னால் போன இரண்டு விளக்குகளும் சிறுத்துக்கொண்டே போய் மறைந்தன.

"வாடா," என்று கிசுகிசுத்தாள். "நீ வருவேன்னு அம்மா ராத்திரியில கதவைத் தாழ் போட விடறதில்ல. வா, போயிடலாம்."

"அக்கா, போயிடு." குரல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பெரிய பாரத்தைத் தாங்கி நிற்பவனைப் போல அவனுக்கு மூச்சு வாங்கியது. "நான் கடைசி ஆள் இல்லக்கா."

அவனுக்குப் பின்னால் ஒரு கிழவர் இருமினார். "ஆறு," என்றார்.

"ஏழு." அது ஒரு பெண்.

"எத்து," என்றது மழலை ஒன்று.

குரல்கள் போய்க்கொண்டே இருந்தன. சுரங்கத்தின் நீளத்தையும் தாண்டி, குன்றையும் தாண்டி, காதுக்கு எட்டாத தூரம் வரை.

அவள் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு இருட்டுக்குள் கையை நீட்டினாள்.

"பிடிச்சுட்டேன். கை ஜில்லுனு இருக்கு. என்னைப் பிடிச்சு இழுங்கண்ணே."

"இழுக்காதக்கா." அவன் அழுதான். "காலை ஊணி இவங்களை நிறுத்தி வெச்சிருக்கேன். நான் நகர்ந்தா எல்லாரும் நகர்ந்துடுவாங்க."

"நகரட்டும்," என்றாள்.

அவன் சொன்னது எனக்கும் புரிந்தது. புரிந்தும், அவள் தோளைக் கட்டிப் பிடித்து இழுத்தேன். ஒரு தடவை அவனை விட்டுவிட்டு ஓடியவன் நான். முதலில் எதுவும் அசையவில்லை. பிறகு, ஆணி கழன்றது போல, சட்டென்று இளகியது.

ஓடினோம்.

பின்னால் காலடிகள் கேட்டன. செருப்பில்லாத கால்கள். அவற்றுக்கு அவசரமே இல்லை.

வெளியே வெளிச்சம் வந்திருந்தது. டாக்டரும் மாஸ்டரும் சாலை நடுவில் வெளிறிப்போய் நின்றார்கள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆனால் அவள் வலது கை பின்பக்கம் நீண்டிருந்தது. ஒரு மணிக்கட்டு அளவுக்கு இடம் விட்டு விரல்கள் மூடியிருந்தன.

"வந்துட்டான்," என்றாள். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டும் இருந்தாள். "மெதுவா வாடா, கால் வலிக்கும்."

குன்றைச் சுற்றிப் போகும் பாதையில் வீட்டை நோக்கி நடந்தாள். கையைக் கடைசி வரை மடக்கவே இல்லை. எங்களில் யாரும் அவளைத் தடுக்கவில்லை. சுரங்கத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கவும் துணிவில்லை.

வீட்டில் இருக்கப் பயந்து, பத்து மணிக்கு நான் வேலைக்குப் போனேன். ஓர் ஆபீஸ் கட்டடத்தின் ஏழாவது மாடியில் லிஃப்ட் கதவைச் சரி செய்யும் வேலை. முடித்துவிட்டு, சோதித்துப் பார்க்கத் தனியாக உள்ளே ஏறிப் பொத்தானை அமுக்கினேன்.

பாரம் அதிகம் என்று மணி அடித்தது.

எட்டுப் பேர் ஏறும் லிஃப்ட் அது. எடை இல்லாமல் அந்த மணி அடிக்காது. பதினாறு வருடமாக அதைப் பழுது பார்க்கிறேன்.

வெளியே வந்தேன். மணி நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஒவ்வொருவராக இறங்கியது போல, நின்றது.

ஓடிப்போய்ப் படிக்கட்டுக் கதவைத் தள்ளித் திறந்தேன். ஸ்பிரிங் வைத்த கதவு, விட்ட நொடியில் அறைந்து சாத்திக்கொள்ளும். கையை விட்டுவிட்டு ஒரு மாடி முழுக்க இறங்கி நின்று காது கொடுத்தேன்.

மேலே கதவு இன்னும் சாத்திக்கொள்ளவில்லை. பின்னால் வருகிறவருக்காக ஒவ்வொருவரும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.