பூங்கோதையின் சுட்டுக்கு எடை கூடுகிறது

பூங்கோதை நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆப்பிள் வாங்கமாட்டாள். ஆப்பிளை நறுக்கக் கத்தி வேண்டும். கத்தியைக் கண்டால் படுத்திருப்பவர் முகம் மாறிவிடும். சாத்துக்குடியில் அந்த வம்பு இல்லை. நகத்தாலேயே உரித்து, நார் நீக்கி, கொட்டை எடுத்துக் கொடுக்கப் பத்து நிமிடம் பிடிக்கும். தனக்காகப் பழம் உரித்துக்கொண்டிருப்பவளை எழுந்து போ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஏழு வருடத் தொழிலில் அவள் கண்டுபிடித்த உத்திகளில் இதுதான் தலைசிறந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் அத்தனை சுட்டுத் தரகர்களும் அதைக் காப்பியடித்துவிட்டார்கள். நோயாளிகள் தங்கும் அமைதி இல்லங்களின் வாசலில் இருக்கும் பழக்கடைகளில் இப்போது வேறு பழம் கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

அன்றைக்குச் சிங்காநல்லூர் அமைதி இல்லத்தில் பழனியப்பன் என்ற ஓய்வுபெற்ற மின்வாரிய இன்ஜினியர். இது மூன்றாவது சந்திப்பு. முதல் சந்திப்பில் வேலையைப் பற்றி மூச்சு விடக்கூடாது, இரண்டாவதில் அவர் வாழ்க்கையைக் கேட்க வேண்டும், மூன்றாவதில்தான் சுட்டைக் கேட்கலாம்.

"நேத்து ரெண்டு பேரு வந்தாங்கம்மா," என்றார் அவர். "ரெண்டு பேருமே சாத்துக்குடி. வயித்தால போகுது எனக்கு."

"அவங்களுக்குச் சுட்டு குடுத்துட்டீங்களா?"

"குடுக்கலை. நீதான் நான் பேசறதைக் கேட்ட." அவர் சுளையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். "எம்பட எடை இப்ப எவ்வளவு? மறைக்காம சொல்லு."

"தொள்ளாயிரத்துப் பத்துங்க."

"ரிட்டயர் ஆன அன்னிக்குக்கூட ஆபீஸ்ல இத்தனை பேரு என்னைத் தேடலை," என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக முடிந்தது.

இருபது வருடத்துக்கு முன் கணபதிப் பகுதியில் ஒரு மரச்சாமான் கடையில் வாங்கிய சாய்வு நாற்காலி இன்னும் ஆடாமல் நிற்கிறது என்று அவர் போன முறை சொல்லியிருந்தார். அந்தக் கடைக்காரர் பூங்கோதையின் வாடிக்கையாளர். பொய்யான சுட்டு நிற்காது; ஒருவர் வாழ்க்கையைத் துழாவி, உண்மையான ஒரு தொடர்பைக் கண்டெடுப்பதில்தான் தரகரின் திறமை இருக்கிறது. பழனியப்பன் மணிக்கட்டில் கட்டியிருந்த கைப்பட்டையை வாயருகே கொண்டுபோய் நாற்காலியைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான், வேலை முடிந்தது. பூங்கோதை வெளியே வந்தபோது அடுத்த தரகர் பையோடு காத்திருந்தார்.

தேடுபொறி என்றால் கேள்விக்குப் பதில் தேடித் தரும் எந்திரம் என்று இருந்ததெல்லாம் பழைய கதை. இப்போது அதற்குத் தேடல் என்று மட்டும்தான் பெயர். பள்ளிக்கூடம் ஆசிரியரைத் தேடுவதும், பெண் வீட்டார் மாப்பிள்ளையைத் தேடுவதும், பல்வலிக்காரர் டாக்டரைத் தேடுவதும் அதில்தான். முதல் பக்கத்தில் பத்துப் பேர் வருவார்கள். இரண்டாம் பக்கம் வரை பொறுமைசாலிகள் போவார்கள். நான்காம் பக்கத்தில் இருப்பவர் வாசலில் எவ்வளவு பெரிய பலகை வைத்தாலும் ஊருக்கு அவர் இல்லாத ஆள்தான். யார் மேலே, யார் கீழே என்பதைச் சுட்டுகள் தீர்மானித்தன. 'இவரிடம் போங்கள்' என்று இன்னொருவர் தன் பக்கத்திலிருந்து நீட்டும் விரல்தான் சுட்டு. வயதானவர்கள் இன்னும் பேக்லிங்க் என்பார்கள்.

விரலை நீட்ட ஆள் பிடிப்பது முன்பு சுலபமாக இருந்தது. நீ எனக்கு, நான் உனக்கு என்று மாற்றிக்கொண்டார்கள், கும்பலாகச் சேர்ந்து சுட்டினார்கள். அதையெல்லாம் ஒழிக்கத்தான் ஏழு வருடத்துக்கு முன் ஆதாயமின்மை விதி வந்தது. சுட்டுபவருக்கு அதனால் ஆதாயம் இருந்தால் எடை குறையும். ஆதாயம் இல்லையென்றால் எடை ஏறும். அண்ணன் தம்பிக்கும் அம்மா மகளுக்கும் தரும் சுட்டுக்கு ஏறக்குறைய எடையே கிடையாது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இந்த உலகத்தில் எந்த ஆதாயமும் இல்லாதவர் யார் என்று எந்திரம் தேடிப் பார்த்து ஒரே வகை மனிதர்களிடம் போய் நின்றபோதுதான் ஊருக்கு விஷயம் புரிந்தது. சாகப்போகிறவர்கள்தான் அவர்கள்.

யாருக்கு நாள் நெருங்குகிறது என்பதைத் தேடல் டாக்டர்களுக்கு முன்பே அறிந்துகொண்டது. கைப்பட்டை நாடியைப் பார்த்தது, தெருக் கேமரா நடையைப் பார்த்தது, வீட்டில் நடக்கும் பேச்சு வரை அதன் காதில் விழுந்தது. அறிந்ததை அது யாரிடமும் சொல்லக்கூடாது என்று சட்டம் இருந்தது. அதனால் சொல்லவில்லை. எடையை மட்டும் கூட்டிக் காட்டியது. உயிர் போகும் நொடியில் என்ன எடையோ அது அப்படியே உறைந்து என்றைக்கும் நிற்கும். பிழைத்து எழுந்துவிட்டால் மறுநாளே கரைந்துபோகும்.

பூங்கோதையின் கணவர் இறந்தது இந்த விதி வருவதற்கு ஆறு மாதம் முன்பு. ஒரு சுட்டு வீணாகப் போயிற்றே என்று அவளுக்கு ஒருமுறை தோன்றியது. தோன்றியதற்காக அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

காலையில் காபி ஆறுவதற்குள் மகள் மிருதுளாவின் பக்கத்தைப் பார்ப்பது பூங்கோதையின் வழக்கம். மிருதுளா பல் மருத்துவம் படித்துவிட்டு இரண்டு வருடமாகக் கோயம்புத்தூர் ராமநாதபுரத்தில் ஒரு சின்ன மருத்துவமனை நடத்துகிறாள். நடத்துகிறாள் என்று சொல்வது மரியாதைக்கு. நோயாளி உட்காரும் நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் முழுதாகக் கழற்றவில்லை. இரண்டு வருடமும் நான்காம் பக்கம்தான். ஊரையே முதல் பக்கத்துக்குக் கொண்டுவரும் தாயால் மகளை ஒரு வரிசை மேலே தூக்க முடியவில்லை. தரகரின் மகள் என்றாலே எந்திரம் ஆதாயத்தை மோப்பம் பிடித்துவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மிருதுளா இரண்டாம் பக்கத்தில் இருந்தாள்.

பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். இரண்டாம் பக்கம்தான், பதினான்காவது இடம். சந்தோஷத்தில் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினாள். எந்தப் புண்ணியவான் சுட்டினான் என்று பட்டியலைத் திறந்தாள். புதுச் சுட்டு எதுவும் இல்லை. பழைய சுட்டுகளின் எடையும் மாறவில்லை, ஒன்றைத் தவிர. இரண்டு வருடமாக பூஜ்யம் புள்ளி மூன்றில் கிடந்த சுட்டு ஒன்று, இப்போது நூற்று நாற்பது. அதன் எதிரே இருந்தது பூங்கோதையின் பெயர்.

காபி ஆறிப் போயிற்று. இத்தனை வருடம் எத்தனையோ பேருடைய எண்ணைப் பார்த்துக் கிளம்பியிருக்கிறாள். தன் எண்ணைப் பார்க்கும்போது முதலில் வந்தது பயம்கூட இல்லை, வெட்கம். தெருவில் சேலை நழுவியதை ஊரே பார்த்துவிட்டது போல இருந்தது.

பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் சர்புதீன் நின்றான். பக்கத்து நிறுவனத்துத் தரகன். விதி வந்த நாளிலிருந்து ஒரே அமைதி இல்லங்களின் வாசலில் அவளோடு காத்திருப்பவன். கையில் பை. பையில் என்ன என்று அவள் கேட்கவில்லை.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்க்கா."

"முதல் சந்திப்பா சர்புதீன்?"

அவன் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. "அக்கா, வேற யாராச்சும் வர்றதுக்கு முன்னால நானே வந்துடலாம்னுதான் வந்தேன். சத்தியமா. கம்பெனில காலைலயே உங்க பேரு லிஸ்ட்ல வந்துருச்சு." கண் கலங்கினான். அது நிஜக் கண்ணீர் என்று அவளுக்குத் தெரியும். தானும் அப்படி நிஜமாகவே அழுதிருக்கிறாள், பிறகு சுட்டையும் வாங்கியிருக்கிறாள். "நூத்தி நாப்பதுதான்க்கா. இந்த எடையில இருந்து திரும்பினவங்க இருக்காங்க. உடனே போயி டாக்டரைப் பாருங்க."

பையை வைத்துவிட்டுத்தான் போனான்.

டாக்டர் வேணுகோபால் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று ஓரிடத்தில் பலூன் மாதிரி உப்பியிருந்தது. "வெடிச்சா கஷ்டம். வெடிக்கறதுக்குள்ள கிளிப் போட்டுட்டா நூறு வயசு இருப்பீங்க. நல்லவேளை, இப்பவே வந்தீங்க. இந்த வாரமே பண்ணிடணும்," என்றார்.

பூங்கோதைக்கு உயிர் வந்தது. கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

"ஒரு நிமிஷங்க." டாக்டர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார், மறுபடி கோணலாக வைத்தார். "தப்பா நினைக்காதீங்க. ஆபரேஷனுக்கு முன்னால நம்ம ஆஸ்பத்திரிக்கு ஒரு சுட்டு... நல்லாப் பார்த்துக்கிட்டோம்னு நீங்களே சொல்றீங்க. ஒரு வாரத்துக்கு இருந்தாக்கூடப் போதும். அப்புறம் உங்க எடை போயிடும் பாருங்க."

அவர் சொன்ன கடைசி வாக்கியத்தைப் பஸ்ஸில் வரும்போதுதான் அவள் முழுதாக யோசித்தாள். தன் எடை போனால் மிருதுளா மறுபடியும் நான்காம் பக்கம்.

நான்கு மணிக்கு மகளின் மருத்துவமனைக்குப் போனபோது நாற்காலியின் பிளாஸ்டிக் உறை கழன்று மூலையில் கிடந்தது. மிருதுளா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, இன்னிக்கு அஞ்சு பேரு! அஞ்சு பேரும்மா! தேடித்தான் வந்தாங்களாம். என்ன பண்ணுன நீ? யாரைப் புடிச்ச?"

"உக்காரு கண்ணு," என்றாள் பூங்கோதை.

மறைக்க வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். மகளின் கை தோளில் பட்டதும் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். மிருதுளா நாற்காலியில் உட்கார்ந்தபடியே விசும்பி விசும்பி அழுதாள். அம்மாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், பலூன் இருக்கும் இடத்தை வெளியிலிருந்தே அமுக்கிப் பிடித்துவிடலாம் என்பது போல.

"உடனே பண்ணிடலாம்மா. நாலாம் பக்கமாச்சு மண்ணாங்கட்டியாச்சு. எனக்கு நீ வேணும்."

அந்த வார்த்தை பூங்கோதைக்குப் போதுமாக இருந்தது. இருவரும் மூக்கைச் சிந்திக்கொண்டார்கள், பிறகு எதற்கென்று தெரியாமல் சிரித்தார்கள். மிருதுளா டீ போட்டாள். டீயைக் குடித்துக்கொண்டே சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, டாக்டர் எப்பன்னு சொன்னாரு?"

"சீக்கிரம் பண்ணணும்னாரு."

இந்த வாரம் என்று அவர் சொன்னது பூங்கோதையின் நாக்கு நுனி வரை வந்தது. ஏன் அதை விழுங்கினாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"இல்ல, நான் சும்மாதான் கேக்கறேன்," என்றாள் மிருதுளா. "இருபத்தொண்ணாம் தேதி மாநகராட்சி ஸ்கூலுக்கெல்லாம் பல் டாக்டர் எடுக்கறாங்க. அன்னிக்கு முதல் பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்கள்ல ஒருத்தருக்குத்தான். அஞ்சு வருஷத்துக்கு. இன்னும் நாலு இடம் ஏறினாப் போதும். அது மட்டும் கெடச்சுட்டா அப்புறம் அந்த ஸ்கூல் புள்ளைங்க, அவங்க வீட்டு ஆளுங்கன்னு சுட்டு தானா வந்துரும். நீ யாருகிட்டயும் பழம் உரிக்க வேண்டாம். உனக்கும் ஓய்வு."

பூங்கோதையும் நாள்காட்டியைப் பார்த்தாள்.

"ரெண்டு வாரம் கூட இல்லம்மா, பன்னெண்டு நாள். நீ வீட்ல படுத்தே இரு. நான் பக்கத்துலயே இருக்கேன். இருபத்திரண்டாம் தேதி காலைல முதல் ஆபரேஷன் உனக்குத்தான். வேண்டாம்னா சொல்லு, நாளைக்கே போயிடலாம்."

"சரி கண்ணு," என்றாள் பூங்கோதை. "இருபத்திரண்டே இருக்கட்டும்."

மிருதுளா கைப்பட்டையில் தேதியைப் பதிந்தாள். அது பதிந்ததற்கு அடையாளமாக ஒரு சின்ன ஒலி எழுப்பியது.

பழக்கம் விடுமா? பூங்கோதை தன் எண்ணைத் திறந்து பார்த்தாள். வாசலில் நுழைந்தபோது நூற்று நாற்பது இருந்தது. இப்போது எழுநூற்று இருபது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுநூற்று முப்பத்தைந்து ஆயிற்று. பலூனில் எந்த மாற்றமும் இல்லை, அவள் தலை வலிக்கக்கூட இல்லை. இந்த அறையில் மாறியது ஒரு தேதி மட்டும்தான்.

"அம்மா!" மிருதுளா துள்ளி எழுந்தாள். "முதல் பக்கம்! ஒம்பதாவது இடம்! இப்பத்தான் வந்துச்சு, பாரு, இந்த நிமிஷம்..."

அவள் குரல் நின்றது. தரகரின் வீட்டில் வளர்ந்த பெண் அவள். எடை எதனால் ஏறும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மாவைப் பார்த்தாள். பூங்கோதையும் அவளைப் பார்த்தாள். பதிந்த தேதியின்மேல் மிருதுளாவின் விரல் இருந்தது. ஒருமுறை தொட்டால் அழிந்துவிடும்.

அப்போது கைப்பட்டையில் அழைப்பு வந்தது. அது முடிவதற்குள் அடுத்ததும் வந்து காத்திருந்தது. மிருதுளா விரலை நகர்த்திப் பேசினாள். குரலில் நடுக்கம் இருந்தது. இரண்டாவது வாக்கியத்தில் அது சரியாகிவிட்டது.

"வணக்கம், மிருதுளா பல் மருத்துவமனைங்க. வாங்க, நாளைக்கே வரலாம். இருபத்தொண்ணு வரைக்கும் எல்லா நாளும் இருக்கேனுங்க. அதுக்கப்புறம் ஒரு வாரம் லீவு. அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன் இருக்கு."