அடுப்பில் உருகிய ஒயர்

விழுப்புரம் ஸ்டேஷன் சாலையில், போட்டோ ஸ்டூடியோவுக்கு மேல்மாடியில் இருந்த அம்சாவின் துப்பறியும் அலுவலகத்துக்கு அன்புச்செல்வி வந்தபோது, கம்பெனி அடையாள அட்டை இன்னும் அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றக்கூடத் தோன்றாமல் கலங்கிப் போயிருந்தாள்.

“என்னைத் திருடின்னு சொல்றாங்க மேடம். வெறும் திருடியில்ல, தேசத் துரோகியாம். சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கினு எழுதிக் குடுக்கலைன்னா போலீஸ்ல புடிச்சுக் குடுத்துடுவாங்களாம்.”

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகும் வழியில் இருந்தது பூவரசனின் தொழிற்சாலை. ராணுவ ஹெலிகாப்டர்களுக்கான ஒயர்க் கட்டுகளை அங்கே தயாரித்தார்கள். ஒயரை வெட்டி, முனை சீவி, கட்டாகக் கட்டுவது அன்புச்செல்வியின் வேலை. திங்கட்கிழமை அவளிடம் ஒரு புது ஒயர் உருளையைக் கொடுத்திருந்தார்கள்.

“ஒயரைத் தொட்டப்பவே வேற மாதிரி இருந்துச்சு. மேனேஜர் பிரவீன்குமார் சார்கிட்ட சொன்னேன். புது லாட்டு, அப்படித்தான் இருக்கும், ஜல்தியா முடின்னாரு. எனக்கு மனசு ஒப்பலை. ஒரு கட்டு முடிஞ்சதும் டெஸ்ட் பண்ற அடுப்புல வச்சுப் பாத்தேன். மேலுறை உருகித் தட்டுல ஒட்டிக்கிச்சு. பதறிப்போயி நானேதான் அவர்கிட்ட எடுத்துக்கினு ஓடினேன்.”

“அதுக்கு அவர் என்ன சொன்னார்?”

“அசல் ஒயரை சாப்பாட்டுப் பையில கொஞ்சம் கொஞ்சமாக் கடத்திட்டு, மட்டமான ஒயரை நான் சுத்தி வச்சுட்டேனாம். ‘காலனி ஆளுங்களை உள்ள விட்டா இதான் நடக்கும்’னு மொதலாளி எதிர்லயே சொன்னாரு. மொதலாளி வாயத் தொறக்கலை.”

அம்சா பேனாவை மூடி வைத்தாள். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் கேபிள் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் அவள். திருடர்கள்மேல் அவளுக்குப் பெரிய கோபம் எதுவும் கிடையாது. அறியாமையும் திமிரும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதைக் கண்டால்தான் பொறுக்காது.

மூவரும் தொழிற்சாலைக்குக் கிளம்பினார்கள். கார் ஓட்டியவர் அந்தோணிசாமி. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றபின், துப்பறிவதில் ஆசைப்பட்டு அம்சாவோடு சேர்ந்துகொண்டவர். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

“ஒயர்ல என்ன மேடம் அசலு, போலி? கரண்டு போனாச் சரிதானே?”

“உங்க பஸ்ஸுல புகை வந்தா விசில் அடிச்சு நிறுத்துவீங்க. ஆகாயத்துல எங்க அண்ணே நிறுத்தறது? இன்ஜின் பக்கத்துச் சூட்டுல சாதா ஒயர் உருகி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதனால அந்த ஒயருக்கு மேலுறை டெஃப்லான். ஒட்டாத தோசைக்கல்லுல பூசறாங்களே, அதே சரக்கு. கொதிக்கிற எண்ணெயில போட்டாலும் உருகாது. தீயைக் காட்டினாலும் பத்தாது. மெல்லிசா இருந்தாலே தாங்கும், அதனால எடையும் மிச்சம். மைகூட அதுல ஒட்டாது. எழுத்தை லேசர்லதான் பொறிப்பாங்க.”

அன்புச்செல்வி பின்சீட்டில் உட்கார்ந்து சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பூவரசன் வெள்ளைச் சட்டையும் சந்தனப்பொட்டுமாக மேசைக்குப் பின்னால் இருந்தான். மேனேஜர் பிரவீன்குமார் கூலிங்கிளாஸைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றான். வந்தவர்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அம்சாவே ஒரு நாற்காலியை இழுத்து அன்புச்செல்வியை அதில் உட்காரவைத்தாள்.

“மேடம், இது ஏரோஸ்பேஸ் கிரேடு,” என்றான் பிரவீன்குமார். “உங்களுக்குச் சொன்னாப் புரியாது.”

“சொல்லிப் பாருங்க. முயற்சி பண்றேன்.”

அந்தக் குரலில் இருந்த கிண்டல் அவனுக்கு உறைக்கவில்லை. உற்சாகமாகவே சொன்னான். “திங்கட்கிழமை காலையில நானே உருளையோட சீலை உடைச்சேன். உருளை முனையில ஒரு துண்டு வெட்டி டெஸ்ட் பண்ணேன். பக்கா அசல். அதுக்கப்புறம்தான் இவ கைக்குப் போச்சு. இதோ ப்ரூஃப்.”

மேசை டிராயரைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துப் போட்டான். உள்ளே விரல் நீளத்துக்கு வெள்ளை ஒயர். ஒரு முனை கருகிக் கொப்புளித்திருந்தது. உறைமேல் தேதியும் கையெழுத்தும்.

“லைட்டர்ல காட்டினேன். நல்லாப் பத்துச்சு. ஊதி அணைச்சு, கையெழுத்துப் போட்டு வச்சேன். முறைப்படி வேலை செய்யறவன் மேடம் நானு.”

அந்தோணிசாமியின் முகம் தொங்கிவிட்டது. “சிக்கல்தான் போலிருக்கே மேடம்,” என்று முணுமுணுத்தார்.

“அதே துண்டுதானே? யாரும் மாத்தியிருக்க மாட்டாங்களே?” என்று அம்சா கேட்டாள்.

“என் டிராயர், என் பூட்டு. எவன் மாத்துவான்?”

“ஸ்டோர் சாவி?”

“அதுவும் என்கிட்டதான். நான் யாரையும் நம்பறதில்ல.”

“நல்ல பழக்கம். அந்த உருளையைக் கொண்டுவரச் சொல்லுங்க. உங்க லைட்டரையும் குடுங்க.”

உருளை வந்தது. அம்சா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுற்றுகளுக்கெல்லாம் அடியில் இருந்த ஒயரின் வால், பக்கவாட்டுத் துவாரம் வழியாகக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டினாள். பிறகு உருளையின் வெளிமுனையை லைட்டரில் காட்டினாள். ஒயர் பொங்கிக் கொப்புளித்தது. அறை முழுக்கக் காரமான நாற்றம் அடித்தது. அடுத்து அந்த வாலுக்குத் தீயைக் காட்டினாள். கரி படிந்தது, அவ்வளவுதான். கைக்குட்டையால் துடைத்ததும் பழையபடி வெள்ளை. பொறித்த எழுத்துகள் கலையாமல் இருந்தன.

“ஒரே உருளையில ரெண்டு ஒயர்,” என்றாள். “அசலைப் பிரிச்சு எடுத்தவருக்கு, துவாரத்துல சொருகியிருந்த கடைசித் துண்டைப் பிடுங்கச் சோம்பல். வெட்டி விட்டுட்டு, மேல போலியைச் சுத்திட்டார்.”

“அதைத்தானே இவ செஞ்சிருக்கா?” என்றான் பூவரசன்.

“எப்ப செஞ்சா? அசல் ஒயர் பத்தாது. இப்பதான் பாத்தீங்க. உங்க மேனேஜர் திங்கட்கிழமை காலையில வெட்டின துண்டு கருகிக் கிடக்கு. அப்ப அன்னைக்குக் காலையிலயே உருளை போலி. அன்புச்செல்வி அதுவரைக்கும் அதைத் தொடக்கூட இல்ல. அதோட, திருடினவ தானே அடுப்புல வச்சு உருக்கி, தானே கொண்டுவந்து காட்டுவாளா?”

பிரவீன்குமாரின் தலையிலிருந்து கூலிங்கிளாஸ் நழுவியது. “சப்ளையரே ஏமாத்தியிருக்கலாம்ல?”

“ஏமாத்தற வியாபாரி நல்லதை மேல வச்சுச் சொத்தையை அடியில மறைப்பான். நல்லதை அடியில ஒளிச்சு வைக்க அவனுக்கு என்ன கிறுக்கா? ஸ்டோர்ல உருளையோட தனியா இருந்து, நிதானமாச் சுத்தக்கூடிய ஆள் ஒருத்தர்தான். சாவி யார்கிட்டன்னு நீங்களே சொன்னீங்க.” அம்சா பூவரசன் பக்கம் திரும்பினாள். “பாவம், நல்ல ஒயர்னா கற்பூரம் மாதிரி நல்லா எரியும்னு நெனச்சிருக்கார். தான் திருடினது என்ன பொருள்னுகூடத் தெரியாத ஆளு. இவரை நம்பித்தான் ஹெலிகாப்டருக்கு ஒயர் குடுக்கறீங்க.”

பிரவீன்குமார் கதவைப் பார்த்தான். அங்கே அந்தோணிசாமி, படிக்கட்டுப் பயணிகளை மறித்த பழக்கத்தில், இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

“சென்னையில ஒரு பார்ட்டி அசல் ஒயரைக் கேட்டான் சார்,” என்றான் பிரவீன்குமார் தரையைப் பார்த்து. “பாக்க ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்குன்னு...”

பூவரசன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தான். “மேடம், வெளிய தெரிஞ்சா பேஜாரு. இவனை நான் பாத்துக்கறேன். அன்புச்செல்வி, நீ நாளைக்கே வேலைக்கு வந்துடும்மா.”

காலையில் துரோகி, இப்போது அம்மா. அம்சா சிரிக்கக்கூட விரும்பவில்லை.

அன்புச்செல்வி தலை நிமிர்ந்தாள். “போன மாசம் ரெண்டு பெட்டி போச்சே சார். அடுப்புல வைக்க வேணாம், அப்படியே அனுப்புன்னு இவரு சொன்னாரு. அதுல என்ன ஒயரு?”

பிரவீன்குமாரின் காது மடல்கள் சிவந்தன. அதுவே பதில்.

அம்சா மேசையிலிருந்த போனைப் பூவரசன் முன்னால் தள்ளினாள். “அந்தப் பெட்டிகளை வாங்கினவங்களைக் கூப்பிடுங்க.”

அவன் எண்ணை அழுத்தினான். “வணக்கம் சார்... ஒரு சின்ன டவுட்டு...”

“சின்னது இல்ல,” என்றாள் அம்சா. “சரியாச் சொல்லுங்க.”

பூவரசன் குரலைத் தாழ்த்தினான். “போன மாசம் அனுப்பின ரெண்டு பெட்டியையும் மாட்டாதீங்க சார். மாட்டியிருந்தாப் பறக்க விடாதீங்க. உள்ள இருக்கறது போலி ஒயர்.”

மறுமுனையில் குரல் உயர்ந்தது அறைக்கே கேட்டது. அன்புச்செல்வி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். “யாராச்சும் அதுல ஏறிட்டாங்களா? கேளுங்க சார், ஏறிட்டாங்களான்னு கேளுங்க!”

பூவரசன் கேட்டான். கொஞ்ச நேரம் காத்திருந்தான். “இன்னும் பெட்டியையே பிரிக்கலையாம்.”

அப்போதுதான், அந்த நாளில் முதல் தடவையாக, அன்புச்செல்வி அழுதாள். பூவரசன் தன் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். அவள் அதைத் தொடவில்லை.